முழுகும் வாத்து

அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் இவளும் சுகமாக இருக்கிறோம். உன் கண்ணெரிச்சல் எப்படி இருக்கிறது? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறாளா, சீசாவைத் தலைமாட்டில் வைத்து அழகு பார்க்கிறாளா?

புது வேலையில் உட்கார்ந்துவிட்டேன். ஏரிக்கரையில் பம்ப் வீடு. உள்ளே இரண்டு மோட்டார்கள்; ஒன்று ஓடும், இன்னொன்று ஓடுவதாகப் பேர். நான் வால்வுச் சக்கரத்தைத் திருகினால் ஏரித் தண்ணீர் மணல் தொட்டியில் வடிந்து, மேட்டுத் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து ஊருக்குள் இறங்குகிறது. ஊரே பல் தேய்ப்பது என் கையில்தான் இருக்கிறது என்று இவளிடம் பெருமை அடித்துக்கொண்டேன். "அப்போ முதல்ல நீங்க போய் தேய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீடு பம்ப் வீட்டை ஒட்டியே இருக்கிறது. இரண்டு அறை. சுவரில் காரை உதிர்கிறது, கதவு மழைக்கு உப்பிக்கொண்டு சாத்த வரவில்லை. ஆனால் இவளுக்கு இங்கே எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் பிடித்திருக்கிறது. சோப்பே செலவாகவில்லையாம். துணியை முக்கி எடுத்தாலே அழுக்கு போகிறதாம், எண்ணெய்ப் பாத்திரத்தைச் சும்மா அலசினாலே பளபளக்கிறதாம். ஏரிக்கு மேலே மேட்டில் பாத்திரம் கழுவும் திரவம் செய்கிற ஆலை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அவர்கள் பம்ப் வீட்டு ஆட்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கேன் இலவசமாகக் கொடுத்தார்கள். அதை இவள் இன்னும் திறக்கவே இல்லை.

சொல்ல வந்தது வேறு. ஏரியில் காட்டு வாத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன. பழுப்பு நிறம். என்ன வாத்து என்று இவள் கேட்டாள். அருங்காட்சியகத்தில் பறவைகளைப் படம் போட்டுப் பெயர்ச்சீட்டு எழுதுகிற அக்காவை வைத்துக்கொண்டு தெரியாது என்று எப்படிச் சொல்வது? "காட்டு வாத்து" என்று சொல்லிச் சமாளித்தேன். என் மானத்தைக் காப்பாற்று.

அம்மாவுக்கு எங்கள் வணக்கம். உனக்கு இவளுடைய தனி விசாரிப்பு.

தம்பி


அக்டோபர் 17

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. கண்ணெரிச்சல் தணிந்திருக்கிறது. அம்மா தைலத்தைத் தேய்க்கிறாள். ஆனால் வலிக்கிற முழங்காலை விட்டுவிட்டு, வலிக்காத முழங்காலில். அதற்கும் வலி வந்துவிடக்கூடாதாம். உன் புதுப்பெண் நலமா? கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனாலும் எனக்கு அவள் புதுப்பெண்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

பழுப்பு வாத்து என்று எழுதியிருக்கிறாயே, தெருவில் யாரைப் பார்த்தாய் என்று கேட்டால் தலையில் முடி உள்ள ஆளைப் பார்த்தேன் என்பதுபோல் இருக்கிறது. இந்தப் பருவத்தில் பெட்டைகள் எல்லாம் பழுப்பு. ஆண்களும் பளபளப்பு இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டை வேஷத்தில் திரியும். நிறத்தை நம்பினால் ஏமாந்து போவாய். நடத்தையைப் பார்.

காட்டு வாத்துகளில் பெரும்பாலும் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று மேய்கிற வாத்து. ஆழமில்லாத ஓரங்களில், நாணல் பக்கம் இருக்கும். தலையை மட்டும் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேயும். தக்கைபோல மேலாக மிதக்கும், வால் நிமிர்ந்திருக்கும், கிளம்பினால் நின்ற இடத்திலிருந்தே ஜிவ்வென்று எழும்பும். இன்னொன்று முக்குளி வாத்து. ஏரி நடுவில், ஆழத்தில் இருக்கும். பாதி உடம்பு தண்ணீருக்குள், வால் தண்ணீரில் தோயும், முழுசாக உள்ளே போய் அடியில் இரை தேடும். எழும்ப வேண்டுமென்றால் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் ஏற வேண்டும்.

ஆக, எப்படி உட்கார்கிறது, எப்படி உள்ளே போகிறது, எப்படி எழும்புகிறது என்று மட்டும் பார்த்து எழுது. மானத்தைப் பிறகு பார்க்கலாம்.

அம்மாவின் ஆசிகளுடன்,
அக்கா


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் சுகம் என்று எழுதலாம். இவளுக்குத்தான் உள்ளங்கைத் தோல் உரிகிறது, விரல் இடுக்கில் அரிப்பு. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. பனிக்காலம் வருகிறதல்லவா, வறட்சியாக இருக்கும். நீங்கள் இருவரும் சுகம்தானே?

உன் கேள்விகளை எடுத்துக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்தேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, மோட்டாரைப் பார்க்கச் சொன்னால் வாத்தைப் பார்க்கிறாயா என்றார். அக்கா கேட்டிருக்கிறாள் என்றேன். மோட்டாரைப் பற்றி அக்கா ஏதாவது கேட்டிருக்கிறாளா என்றார்.

உட்காருவது: தண்ணீரில் நன்றாக அமுங்கித்தான் உட்கார்கின்றன. முதுகு மட்டும்தான் தெரிகிறது. வால் தண்ணீருக்குள். எழும்புவது: நீ சொன்ன மாதிரியே தடதடவென்று ஓடுகின்றன. பாதி ஓட்டத்தில் அலுத்துப்போய் மறுபடியும் தண்ணீரிலேயே விழுந்துவிடுவதும் உண்டு. இடம் மட்டும் நீ சொன்னதுக்கு மாறாக இருக்கிறது. நடுவில் இல்லை, நாணல் ஓரத்திலேயே கிடக்கின்றன. உள்ளே போவதை முதலில் பார்த்தது இவள்தான். துணி அலசிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "என்னங்க, அந்த வாத்து முழுகுது பாருங்க." நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆமாம், முழுகுகிறது.

இன்னொரு வேடிக்கை. கரையோரம் தாமரை இருக்கிறது. இலையில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளும் என்று இவளுக்குக் காட்டப் போனேன். உருளவில்லை. இலை முழுக்கப் பரவி, ஈரத்துணி மாதிரி நனைந்துகொண்டது. இவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என்ன வாத்து, சொல்லிவிடு.

தம்பி


நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

அம்மா நலம், நான் நலத்துக்கும் மேலே. உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன்.

முழுகுகிறது என்றால் முக்குளி வாத்துதான். அமுங்கி உட்காருகிறது, வால் தோய்கிறது, ஓடி ஏறுகிறது, முழுகுகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? உனக்கு இதன் அருமை தெரியாது. நீ இருக்கிற பக்கத்து ஏரிகளில் முக்குளி வாத்தை இதுவரை யாரும் பார்த்துப் பதிவு செய்ததில்லை. இத்தனை காலம் அடுத்தவர் பார்த்த பறவைக்கெல்லாம் நான் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சீட்டில்கூடக் "கண்டவர்" என்ற இடத்தில் நம் வீட்டுப் பெயர் வந்ததில்லை. இப்போது வரும். உன் பெயரும் என் பெயரும்.

எங்கள் பிரிவுத் தலைவர் பெரியவரிடம் சொன்னேன். அவரைத் தெரியுமே, எதிலும் பட்டும் படாமலும் தாமரை இலைத் தண்ணீர்தான். "நாணல் ஓரத்தில முக்குளி வாத்துக்கு என்னம்மா வேலை? பறவை கைக்கு வரட்டும், பாக்கலாம்" என்றார். புது இடம், கூச்சப்பட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கின்றன என்று நான் சொன்னேன். சிரித்தார். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு நான்கு சீட்டில் எழுத்துப் பிழை.

உன் ஏரியில் தாமரை இலை நனைகிறது என்றாயே, அது முற்றிய இலையாக இருக்கும். அதை விடு. வாத்து உள்ளே போனால் எவ்வளவு நேரம் இருக்கிறது, எங்கே எழும்புகிறது, இதை மட்டும் பார்த்து எழுது.

புதுப்பெண்ணைக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இருக்கிறேன்.

நீ கேட்டதைப் பார்க்கப் போனேன். ஒன்று உள்ளே போனது. தேநீர் ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் கண்ணை எடுக்காமல் நின்றேன். எழும்பவில்லை. நாணலுக்குப் பின்னால் எங்காவது எழும்பியிருக்கும், நான்தான் தவறவிட்டிருப்பேன். மற்றவை பெரும்பாலும் இப்போது கரையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. காலையிலிருந்து சாயங்காலம்வரை அலகால் இறகைக் கோதுகின்றன, கோதுகின்றன, கோதிக்கொண்டே இருக்கின்றன. கல்யாண வீட்டில் கண்ணாடி முன்னால் நிற்கிற பெண்கள்கூட இப்படி நிற்க மாட்டார்கள். அருகே போனால் நடுங்குவது தெரிகிறது. குளிர்காலத்துக்கே வருகிற வாத்துக்குக் குளிருமா?

மதகில் நுரை பொங்கி நிற்கிறது. வெயில் பட்டால் பார்க்க அழகாக இருக்கும். குழாய்த் தண்ணீரை டம்ளரில் வேகமாகப் பிடித்தால் அதிலும் மேலே நுரை கட்டுகிறது. ப்ளீச்சிங் பவுடர் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறார் மேற்பார்வையாளர்.

அக்கா, உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இவளுக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. சாப்பிட்டது தங்குவதில்லை. அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறாள். அந்த ஊர்ப் பக்கமே ஒரு பம்ப் வீட்டில் இடம் காலியாக இருக்கிறது, விருப்பமிருந்தால் அடுத்த மாதம் பாதிக்குள் சொல் என்றார்கள். போய்விடலாமா என்று பார்க்கிறேன். ஆனால் போனால் உன் வாத்து போய்விடும். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


டிசம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணுக்கு விசேஷம் ஏதாவது இருக்கான்னு கேளு" என்றாள். இருந்தால் எழுதியிருக்க மாட்டானா, அவன் என்னிடம் எதை மறைத்திருக்கிறான் என்று சொன்னேன். அம்மாவுக்கு எப்போதும் ஒரு பயம் கையிருப்பில் இருக்கும்.

வயிற்றுக்கோளாறு தண்ணீர் மாறினால் யாருக்கும் வருவதுதான், பழகினால் சரியாகிவிடும். மாற்றல் எங்கே ஓடிப்போகிறது? இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வேறொரு இடம் காலியாகும். இந்த வாத்துகள் குளிர் முடிந்தால் கிளம்பிவிடும், அடுத்த வருஷம் அதே ஏரிக்கு வரும் என்று யார் கண்டது? ஒரு மாதம் பொறுத்துப் போனால் குடி முழுகிவிடாது. நான் கேட்கிறேன் என்று அவளிடம் சொல், புரிந்துகொள்வாள்.

இப்போது முக்கியமானது. செத்துப்போன வாத்து ஏதாவது ஒதுங்கினால் ஒரு காலையும் ஒரு சிறகையும் வெட்டி, உப்பில் போட்டு எனக்கு அனுப்பு. காலில் பின்பக்கம் ஒரு சின்ன விரல் இருக்கும். முக்குளி வாத்துக்கு அந்தப் பின்விரலில் காது மடல்போல அகலமாக ஒரு சதை தொங்கும், தண்ணீருக்குள் துழாவுவதற்கு. மேய்கிற வாத்துக்கு அது குச்சிபோல வெறும் விரலாக இருக்கும். அதை ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் பெரியவர் வாயை அடைத்துவிடுவேன்.

ஆவலுடன்,
அக்கா


ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் வருஷம் நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்துக்கு வேறொருவர் போய்விட்டார். இவள் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடியும் கொடியில் போட்டாள். போன கடிதத்தில் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். மூன்று மாதம் ஆகட்டும், அதுவரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று இவள்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் முழுகாமல் இருக்கிறாள். அதனால்தான் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள். நம் அம்மாவிடம் நீயே சொல். அம்மாவுக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது பார்.

நீ கேட்டது இத்துடன் வருகிறது. கரையோரம் ஒன்று கிடந்தது. எட்டவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் எடுத்தேன். வாத்தின்மேல் தண்ணீர் ஒட்டாது என்பார்களே, இது பிழியாத துண்டு மாதிரி கனத்தது. சிறகைப் பிரித்தால் சொட்டுகிறது. தோள் பக்கம் சாம்பல் கலந்த நீலம் ஒன்று மங்கலாகத் தெரிகிறது, உனக்கு உதவுமா பார். செத்தது இது ஒன்றுதான் என்று நினைக்காதே. நாணலுக்குள் போனபோது காலில் நிறையத் தட்டுப்பட்டது. நான் குனிந்து பார்க்கவில்லை.

முன்பெல்லாம் தண்ணீர்மேல் ஓடுகிற நெட்டைக்கால் பூச்சிகள் இருந்தன, இப்போது ஒன்றைக்கூடக் காணோம். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஏரி ரொம்ப அமைதியாகிவிட்டது, அக்கா. மோட்டார் ஓடாத நேரத்தில் எனக்கு இங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

இவளைப் பற்றிக் கவலைப்படாதே. மருத்துவர் பார்த்தார். நல்ல சத்தான சாப்பாடு, ஓய்வு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். அதற்குத்தான் நம்மிடம் பஞ்சமில்லையே. குடம் குடமாகக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறேன்.

தம்பி


ஜனவரி 11

தம்பி,

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் தண்ணீர் இருந்தால் முதலில் அதைக் கொட்டு. கொட்டிவிட்டு வந்து மீதியைப் படி.

பொட்டலம் இன்று காலை வந்தது. பின்விரலில் மடல் இல்லை. குச்சிபோல வெறும் விரல். சிறகில் நீலம். இது முக்குளி வாத்தே இல்லை, நீலச்சிறகுக் கிளுவை. மேய்கிற வாத்து. நாணல் ஓரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், தலையை மட்டும் நனைத்து மேய்கிற சின்ன வாத்து. அது இரைக்காக உள்ளே போகாது, தம்பி. அதற்கு அந்தப் பழக்கமே கிடையாது.

முழுகுது என்று நீ எழுதினாய். முக்குளிக்கிறது என்று நான் படித்தேன். உன் புதுப்பெண் கண்ணால் கண்டதை அப்படியே சொல்லியிருக்கிறாள்: கப்பல் முழுகுகிற மாதிரி முழுகுகிறது என்று. அமுங்கி உட்கார்ந்தது, வால் தோய்ந்தது, ஓடி ஓடி விழுந்தது, கோதிக்கொண்டே இருந்தது, இதையெல்லாம் நான் அடையாளம் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தேன். எல்லாம் அது மிதக்க முடியாமல் தவித்தது. வாத்தின் இறகில் ஓர் எண்ணெய்ப்பசை உண்டு, அதனால்தான் நனையாது. உங்கள் ஏரித் தண்ணீர் அந்தப் பசையைக் கழுவி எடுத்துவிடுகிறது, உன் வீட்டு எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரியே. இலையில் முத்து நிற்காததும், பூச்சி ஓட முடியாமல் போனதும், மதகு நுரையும் அதனால்தான். மேட்டு ஆலையிலிருந்துதான் வருகிறது, வேறெங்கிருந்து வரும்? எல்லாவற்றையும் நீ எழுதித்தான் இருந்தாய். நான் வாத்தை மட்டும் படித்தேன்.

பெரியவரிடம் காலைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. இதைக் குடிக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை, நல்லதாக இருக்காது என்கிறார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அவளைக் கூட்டிக்கொண்டு இன்றே கிளம்பு. சாமானைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். உன் அலுவலக முகவரிக்குத் தந்தியும் கொடுத்திருக்கிறேன்: "வாத்து முழுகுகிறது, தண்ணீர் குடிக்காதே." தந்தி எழுதிக்கொண்ட குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அக்கா


ஜனவரி 29

தம்பி,

பதில் இல்லை. தந்திக்கும் இல்லை. அம்மா தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள், தபால் இல்லை என்றதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறாள். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் தேவலை.

பெரியவர் எழுதிய கடிதத்துக்கு மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது. தண்ணீர் தெளிவாகவும் வாசனையற்றும் இருப்பதாகவும், ஊர்மக்களிடமிருந்து புகார் எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நீ என்மேல் கோபமாக இருந்து எழுதாமல் இருந்தால் பரவாயில்லை. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரே ஒரு வரி போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தந்தியும் இரண்டு கடிதங்களும் சேர்ந்து ஒரே நாளில்தான் என் கைக்கு வந்தன. தந்தியைப் பிரித்துப் பார்த்த மேற்பார்வையாளர், யாரோ புத்தி கலங்கினவர் அனுப்பியது என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டாராம். பம்ப் வீட்டுக்கு வருகிற தபாலெல்லாம் அவர் கை வழியாகத்தான் வரும்; பின்னால் வந்த கடிதங்களையும் அதோடு வைத்துவிட்டு மறந்துவிட்டாராம். மறந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவரைக் கெட்டவர் என்று எழுதவும் வரவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் என் எதிரிலேயே குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்துக் காட்டினார். "எனக்கு என்னப்பா ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன்?" என்று கேட்டார். அவர் மீசையில் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

கடிதங்கள் கைக்கு வந்தபோது இங்கே எல்லாம் முடிந்துபோயிருந்தது. முழுகாமல் இருந்தவள் முழுகிவிட்டாள், அக்கா. இந்தத் தடவை நீ இதைத் தப்பாகப் படிக்க மாட்டாய்.

குழந்தைதான் தங்கவில்லை, அவள் பிழைத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். எழுந்து நடக்கிறாள், கொஞ்சம் சாப்பிடுகிறாள். தண்ணீரை மட்டும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். தண்ணீரால்தானா என்று மருத்துவரைக் கேட்டேன். சொல்ல முடியாது, இப்படி ஆவது உண்டுதான் என்றார். இனி யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான்தான் குடம் குடமாகக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். கோபம் இருக்கிறது. மாற்றல் வேண்டாம் என்று சொன்னது நான்தான், அந்தக் கோபமும் இருக்கிறது. குடி முழுகிவிடாது என்று நீ எழுதிய கடிதத்தை அவள் என் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். எப்போது படித்தாள் என்று தெரியவில்லை. ஊருக்குப் போகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, அந்த வரியை மட்டும் ஒருதரம் வாய்விட்டுச் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வந்து பம்ப்பை நிறுத்தினேன். சக்கரத்தை இறுக்கித் திருகிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் ஊரே அலுவலக வாசலில் குடத்தோடு நின்றது. நான் சொல்ல ஆரம்பித்ததை யாரும் காதில் வாங்கவில்லை, தண்ணீரைத் திறக்கச் சொல் என்றார்கள். சாயங்காலம் பூட்டை உடைத்து மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது. அது போகட்டும்.

வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். சமையல் மேடைக்கடியில் அந்தக் கேன் திறக்காமலே கிடக்கிறது. வாத்துகளைத் தேடினேன். ஒன்றும் இல்லை. கிளம்பிப் போய்விட்டன என்று உன் சீட்டில் எழுதுவார்கள்.

நாளை நான் அவளிடம் போகிறேன். நீ இப்போது அங்கே வர வேண்டாம். அம்மாவை மட்டும் அனுப்பி வை. ஆனால் நீ எழுதுவதை நிறுத்தாதே. பெரியவரையும் நிறுத்த விடாதே. மேலிடத்துக்கு மறுபடியும் எழுது, ஒரு வரி பதில் வந்தால் ஒரு பக்கம் எழுது.

புதிதாக வந்த பம்ப் ஆளின் மனைவி இன்று வீட்டைப் பார்க்க வந்திருந்தார். கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள். இடுப்பில் இருந்ததைக் கீழே இறக்கிவிட்டு, கொண்டுவந்த குடத்தைக் குழாயடியில் வைத்து அலசிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "தண்ணி ரொம்ப நல்லாருக்குங்க. சோப்பே வேணாம்போல இருக்கே" என்றார். "இதைக் குடிக்காதீங்கம்மா. பிள்ளைங்களுக்கும் குடுக்காதீங்க. ஏரியில வாத்தெல்லாம் முழுகுது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாத்துன்னா முழுகத்தாங்க செய்யும்" என்று சொல்லிவிட்டுக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

தம்பி